எக்ஸ்பி கணினிக்கு எந்த ஆபீஸ் மென்பொருள்? ஓர் ஆவண எழுத்தர் அலுவலகத்தின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் வட்டத் தலைநகர் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் உள்ள ஆவண எழுத்தர் அலுவலகத்துக்காக 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் செய்துகொடுத்த மென்பொருள் தேர்வைப் பற்றியது இந்த ஆய்வு. கிரயப் பத்திரம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம், பொது அதிகார ஆவணம் என்று அங்கே நாள்தோறும் பத்திரங்கள் தயாராகின்றன. ஓர் எழுத்து மாறினால் ஒரு மனையின் எல்லையே மாறிவிடக்கூடிய வேலை என்பதால், வழக்கமான அலுவலகங்களில் நாம் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் சில நுணுக்கங்கள் இங்கே முதன்மை பெற்றன. உரிமையாளரின் வேண்டுகோள்படி அலுவலகத்தின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் நான்கு கணினிகள் இருந்தன. இரண்டில் விண்டோஸ் எக்ஸ்பி, மூன்றாம் சர்வீஸ் பேக்குடன் ஓடியது; இரண்டுமே பென்டியம் காலத்தவை, ஒவ்வொன்றிலும் 1 ஜிபி நினைவகம். மூன்றாவது கணினியில் 64 பிட் விண்டோஸ் 7, 4 ஜிபி நினைவகம். பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை உள்ளிடுவதற்கென்று வாங்கிய மடிக்கணினி ஒன்று மட்டும் விண்டோஸ் 11-இல் இருந்தது. 2018 முதல் பத்திரப் பதிவு இணையவழிக்கு மாறிவிட்டதால் அந்த ஒரு புதிய கணினி தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஆனால் பத்திர வாசகத்தை அடிப்பதும் முத்திரைத்தாளில் அச்சிடுவதும் பழைய கணினிகளிலேயே தொடர்ந்தன.

சிக்கல் வங்கியின் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுக் கடன் வழங்கும் வங்கிகளின் வழக்கறிஞர்கள் வரைவுப் பத்திரத்தைத் திருத்தி, வேர்டின் புதிய வடிவமான டாக்எக்ஸ் கோப்பாக அனுப்புகிறார்கள். திருத்தியதை அதே வடிவத்தில் திரும்பவும் கேட்கிறார்கள். எக்ஸ்பி கணினிகளில் இருந்த வேர்டு 2003-க்கு அந்த வடிவம் தெரியாது. பழைய வேர்டில் புதிய கோப்புகளைத் திறப்பதற்கென மைக்ரோசாஃப்ட் தந்திருந்த இணக்கத் தொகுப்பு 2018-இல் பதிவிறக்கத் தளத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. எனவே வழக்கறிஞரின் கோப்பை மடிக்கணினியில் திறந்து, அச்செடுத்து, அதைப் பார்த்து எக்ஸ்பியில் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். சொத்து விவரத்தைப் பார்த்துத் திரும்ப அடிப்பதைவிடப் பிழைக்கு வசதியான வழி வேறில்லை. உரிமையாளர் என்னிடம் கேட்ட கேள்வி எளிமையானது: இந்தக் கணினிகளை மாற்றாமல், வங்கிக்காரர்கள் அனுப்புவதைத் திறந்து, திருத்தி, அச்சிட எந்த மென்பொருள் வேண்டும்?

கணினியை ஏன் மாற்றவில்லை

இப்படிப்பட்ட கேள்வி வந்தவுடன், எக்ஸ்பியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது தொழில்நுட்பக்காரர்களின் வழக்கம். அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது எக்ஸ்பிக்கென்று விதிவிலக்காக ஒரு திருத்தம் வந்தது உண்மைதான். அதை நம்பி யாரும் இருந்துவிட முடியாது. ஆனால் இந்த அலுவலகத்தில் முத்திரைத்தாளில் அச்சிடும் லேசர் அச்சுப்பொறிக்கு எக்ஸ்பி வரைக்குமான இயக்கி மட்டுமே உண்டு. தாளை நேராக உள்ளிழுத்து, சரியான இடத்திலிருந்து எழுத்தைத் தொடங்கும் அந்தப் பொறியின்மேல் அங்குள்ளவர்களுக்கு இருந்த நம்பிக்கை வீண் பிடிவாதம் அன்று. முத்திரைத்தாள் ஒன்று பாழானால் அதன் மதிப்பைத் திரும்பப் பெறுவதற்கு அலைய வேண்டும். அச்சுப்பொறி, இரண்டு கணினிகள், அவற்றுக்கான மென்பொருள் உரிமங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கும் நிலையிலும் அவர்கள் இல்லை.

லினக்ஸுக்கு மாறலாம் என்ற வழியையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி இருக்கிறது: தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூசே லினக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் அரசுப் பணிக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தது. ஆனால் இங்கே அதே அச்சுப்பொறிதான் அந்த வழியையும் அடைத்தது. அதற்கு லினக்ஸ் இயக்கி கிடைக்கவில்லை. மேலும் 32 பிட் கணினிகளுக்கான இடம் லினக்ஸ் உலகிலும் சுருங்கி வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகை, 32 பிட் பென்டியம் கணினிகளில் நேரடியாக நிறுவுவதற்கான பதிப்பைக் கைவிட்டுவிட்டது. எனவே ஒரு முடிவுக்கு வந்தோம். எக்ஸ்பி கணினிகள் இரண்டும் இணையத்திலிருந்தும் உள்வலையிலிருந்தும் அடியோடு துண்டிக்கப்படும்; கோப்புகள் இதற்கென்றே ஒதுக்கிய பென் டிரைவ் வழியே மட்டும் வந்துபோகும்; அந்த பென் டிரைவ் முதலில் மடிக்கணினியில் செருகப்பட்டு வைரஸ் சோதனை முடிந்த பின்னரே மற்றவற்றுக்குப் போகும்; செருகியவுடன் தானாக எதையும் இயக்கும் வசதி எக்ஸ்பியில் நிறுத்தப்படும். மென்பொருள் தேர்வு இந்த ஏற்பாட்டின்மேல் நின்றுதான் நடந்தது. கணினி இணையத்தில் இருந்திருந்தால் என் பரிந்துரை வேறாக இருந்திருக்கும்.

பரிசீலனைக்கு வந்தவை

பழைய இயங்குதளத்துக்கு மென்பொருள் தேடும்போது, அதில் நிறுவ முடிகிற கடைசிப் பதிப்பு எது என்று பார்ப்பதே பலருக்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்வி பின்னால் வர வேண்டியது என்பதே என் கருத்து. இந்தக் கணினியிலிருந்து வெளியே போகும் கோப்பு எது, அதை யார் திறப்பார்கள், அதற்குள் இருக்கும் தமிழ் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது ஆகியவையே முதலில் வர வேண்டும். இயங்குதளம் பழையதாக இருக்கலாம். அது அடுத்த சில ஆண்டுகளில் போய்விடும். கோப்பு போகாது. பத்திரத்தின் நகலைக் கேட்டு முப்பது ஆண்டு கழித்தும் ஆள் வருவார்கள்.

ஏற்கெனவே இருந்த வேர்டு 2003-ஐத் தொடர்வது பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உரிமத் தாளோ மூலக் குறுந்தட்டோ அங்கே இல்லை. யாரோ எப்போதோ நிறுவிக் கொடுத்தது. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த அதே நாளில் ஆபீஸ் 2003-இன் ஆதரவும் முடிந்தது. 2017 நவம்பரில், ஆபீஸுக்குள் இருந்த பழைய சமன்பாட்டுத் திருத்தியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய அந்தச் சிறு நிரல், கோப்பைத் திறந்தாலே தாக்குதலுக்கு வழிவிட்டது. ஆபீஸ் 2007 முதல் 2016 வரைக்கும் திருத்தம் வந்தது, 2003-க்கு வரவில்லை. வெளியாட்கள் அனுப்பும் வேர்டு கோப்புகளைத் திறப்பதே தொழிலாக உள்ள இடத்தில் இது சிறிய குறை அன்று.

எக்ஸ்பியில் ஓடக்கூடிய மைக்ரோசாஃப்ட் தொகுப்புகளில் கடைசியானது ஆபீஸ் 2010. டாக்எக்ஸைத் திறக்கும், எழுதும், பிடிஎஃப் ஆக்கும். தொழில்நுட்ப அளவில் வேலைக்கு மிகவும் பொருந்தியிருக்கும். ஆனால் அதன் ஆதரவு 2020 அக்டோபர் 13-ஆம் தேதி முடிந்துவிட்டது. புதிய உரிமம் வாங்க முறையான வழி இல்லை. சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் உரிமக் குறிகள் எங்கிருந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது. அரசு அலுவலகத்தோடு நேரடித் தொடர்பில் தொழில் செய்பவருக்கு அப்படி ஒன்றை நிறுவித் தர எனக்கு மனம் ஒப்பவில்லை. இணையவழியில் இயங்கும் கூகுள் டாக்ஸ் போன்றவை கணினியைத் துண்டித்த கணமே விலகிவிட்டன. துண்டிக்காவிட்டாலும், எக்ஸ்பிக்கான குரோம் 2016-இலேயே 49-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

மிஞ்சியவை இரண்டு: அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபீஸ் தனியே பிரிந்தது. பழைய இயங்குதளம் என்று வரும்போது இவ்விரண்டின் நிலையும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஓப்பன் ஆபீஸின் 4.1 வரிசை இன்றும் எக்ஸ்பியை ஏற்கிறது. மெதுவாகவேனும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. லிப்ரே ஆபீஸோ 2018 ஜனவரியில் வந்த 6.0-இலிருந்து எக்ஸ்பியையும் விஸ்டாவையும் கைவிட்டுவிட்டது. எக்ஸ்பியில் நிறுவ முடிகிற கடைசி வரிசை 5.4, அதன் முடிவுப் பதிப்பு 5.4.7. அதற்குப் பிறகு அதில் ஒரு திருத்தமும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. இந்த அளவில் பார்த்தால் ஓப்பன் ஆபீஸே முந்துகிறது.

ஆனால் ஓப்பன் ஆபீஸ் 4.1 டாக்எக்ஸைத் திறக்க மட்டுமே செய்யும். அந்த வடிவத்தில் சேமிக்காது. வழக்கறிஞருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய கோப்பைப் பழைய டாக் வடிவில் சேமித்து, மடிக்கணினியில் மீண்டும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் அட்டவணையின் அகலமோ பக்க முறிவோ எங்காவது பிசகும். லிப்ரே ஆபீஸ் 5.4 டாக்எக்ஸை நேரடியாக எழுதுகிறது. இதைவிட முக்கியமான வேறுபாடு தமிழ் எழுத்தைத் திரையில் கோக்கும் முறையில் இருந்தது.

தமிழ் எழுத்து திரைக்கு வரும் விதம்

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில், தமிழ் "கொ" என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்துப் பதிந்த இரண்டு குறிகள். அவற்றைத் திரையில் கொம்பும் ககரமும் காலுமாகப் பிரித்து அடுக்குவது எழுத்தைக் கோக்கும் பொறியின் வேலை. எக்ஸ்பியில் அந்தப் பொறி இயங்குதளத்தோடு வருவது. அதைப் பயன்படுத்த, வட்டார மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டும், அதற்கு எக்ஸ்பியின் மூலக் குறுந்தட்டு வேண்டும். அது நிறுவப்படாத கணினியில் ஓப்பன் ஆபீஸைத் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கும், புள்ளி தனியே தொங்கும். குறுந்தட்டோ அலுவலகத்தில் இல்லை.

லிப்ரே ஆபீஸ் 2017 பிப்ரவரியில் வந்த 5.3-இலிருந்து, எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற பொறியைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. எக்ஸ்பிக்குத் தமிழ் கோக்கத் தெரியாவிட்டாலும் ஆவணப் பரப்புக்குள் தமிழ் சரியாக அமைகிறது. மெனுவிலும் கோப்புப் பெயரிலும் தமிழ் குலைந்திருக்கலாம்; பத்திரத்துக்குள் குலையாது. எக்ஸ்பியை ஏற்ற கடைசி வரிசையும் இந்தப் பொறி வந்த பின்னான வரிசையும் ஒன்றாக அமைந்தது தமிழில் வேலை செய்பவர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்றே சொல்வேன். எக்ஸ்பி ஆதரவு 5.2-உடன் நின்றிருந்தால் இந்த ஆய்வின் முடிவே வேறாகியிருக்கும்.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஒரே பொறி, ஒரே எழுத்துருக் கோப்பு என்றால், எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-இலும் விண்டோஸ் 11-இலும் வரி முறிவு ஏறத்தாழ ஒன்றாகவே விழும். பத்திரத்தில் ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதிக்கொடுப்பவர் கையெழுத்திடுகிறார்; மொத்தம் எத்தனை தாள் என்பது ஆவணத்திலேயே குறிக்கப்படுகிறது. ஒரு கணினியில் ஏழு தாளுக்குள் முடிந்த வாசகம் இன்னொன்றில் எட்டாம் தாளுக்கு வழிந்தால், சரிபார்த்த வரைவுக்கும் அச்சான ஆவணத்துக்கும் இடையே சந்தேகம் புகுந்துவிடும். விண்டோஸோடு வரும் தமிழ் எழுத்துருவான லதாவை நம்ப முடியவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் எக்ஸ்பியோடு வந்த லதாவும் விண்டோஸ் 7-இன் லதாவும் வெவ்வேறு பதிப்புகள். இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களில் நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்து, அதே கோப்பை நான்கு கணினிகளிலும் நிறுவினோம்.

முடிவும் அமைப்புகளும்

எக்ஸ்பி கணினிகளுக்கு லிப்ரே ஆபீஸ் 5.4.7, அதை வெளியிடும் ஆவண அறக்கட்டளையின் பழைய பதிப்புகளுக்கான காப்பகத்திலிருந்து மடிக்கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவினோம். விண்டோஸ் 7-க்கு 25.2 வரிசை, 2025 ஆகஸ்டில் வந்த 25.8 விண்டோஸ் 7-ஐயும் 8-ஐயும் கைவிட்டுவிட்டதால் அங்கே அதுவே கடைசி. மடிக்கணினியில் நடப்புப் பதிப்பு. விண்டோஸ் 7-இல் முதல் முயற்சியில் மென்பொருள் திறக்க மறுத்து, ரன்டைம் கோப்பு ஒன்று காணவில்லை என்றது. நீண்ட நாள் புதுப்பிக்கப்படாத விண்டோஸ் 7 கணினிகளில் இது வழக்கமாக வருவது. மைக்ரோசாஃப்டின் கேபி 2999226 என்ற புதுப்பிப்பை நிறுவியதும் தீர்ந்தது.

திருத்தம் நின்றுபோன பதிப்பை வைத்துக்கொள்வதென்றால் அதன் தெரிந்த ஓட்டைகளைக் கையால் அடைக்க வேண்டும். 2019-இல் லிப்ரே ஆபீஸின் லிப்ரெலோகோ என்ற கூறு வழியே, ஆவணத்தைத் திறந்தாலே பைத்தான் நிரலை ஓடவைக்க முடியும் என்பது தெரியவந்தது, 6.2.5-இல் அது சரிசெய்யப்பட்டது, 5.4-இல் அப்படியே இருக்கிறது. எனவே நிறுவும்போதே விருப்பத் தேர்வு முறைக்குப் போய் அந்தக் கூறை விலக்கினோம். ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்களான மேக்ரோக்களுக்கான பாதுகாப்பை மிக உயர்ந்த நிலையில் வைத்தோம். ஜாவா பயன்பாட்டை நிறுத்தினோம். பாதுகாப்புக்கு மட்டுமல்லாமல், 1 ஜிபி நினைவகத்தில் மென்பொருள் திறக்கும் நேரத்தையும் அது குறைத்தது.

கோப்பு வடிவத்தில் உறுதியாக ஒரு முறையை வகுத்தோம். அலுவலகத்துக்குள் எல்லாம் லிப்ரே ஆபீஸின் இயல்பு வடிவமான ஓடிடி. வங்கிக்கும் வழக்கறிஞருக்கும் போவது மட்டும் டாக்எக்ஸ். கையெழுத்துக்குத் தயாரான இறுதி வடிவம் பிடிஎஃப். புதிய லிப்ரே ஆபீஸ் பதிப்புகள் 7.0-இலிருந்து, ஓடிடிக்கு அடிப்படையான ஓடிஎஃப் தரத்தின் 1.3-இலோ அதற்குப் பிந்தையதிலோ சேமிக்கின்றன, 5.4 அறிந்தது 1.2. பழையதில் திறக்கும்போது ஏதும் விடுபடாமலிருக்க, விண்டோஸ் 7-இலும் மடிக்கணினியிலும் சேமிப்பு அமைப்பை 1.2 விரிவாக்கத்துக்கு மாற்றினோம். பிடிஎஃப் ஆக்கும்போது மூல ஓடிடி கோப்பையும் அதற்குள்ளேயே பொதித்துவைக்கும் வசதி லிப்ரே ஆபீஸில் உண்டு. அப்படிச் செய்த கோப்பு யார் கணினியிலும் பிடிஎஃபாகத் திறக்கும், லிப்ரே ஆபீஸில் திறந்தால் திருத்தக்கூடிய ஆவணமாக வரும். முடிந்த பத்திரங்களின் நகலைக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு

உண்மையான உழைப்பு இங்கேதான் தேவைப்பட்டது. அலுவலகத்தின் மாதிரிப் படிவங்கள் அனைத்தும் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தமிழ் என்பது திரைத் தோற்றம் மட்டுமே. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். வேர்டு 2003-இல் அதனால் தொல்லை வரவில்லை, ஏனென்றால் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பேரெழுத்தாக்கும் தன்னியக்கத் திருத்தத்தை யாரோ முன்பே நிறுத்திவைத்திருந்தார்கள். புதிதாக நிறுவிய லிப்ரே ஆபீஸில் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. பாமினியில் தகரம் ஜே என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து. அதன் பேரெழுத்து து. தஞ்சாவூர் மாவட்டம் என்று ஒரு பத்தியைத் தொடங்கினால் அடுத்த நொடியில் அது துஞ்சாவூர் மாவட்டம் ஆகிவிடும். அருகில் என்று தொடங்கினால் ஆருகில் ஆகிவிடும். பாமினிக் கோப்பைத் திறந்து வேலை செய்யும் வரைக்கும் தன்னியக்கத் திருத்தங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பது கட்டாயம் என்பதை இதை வாசிப்பவர்கள் மறக்கக் கூடாது.

படிவங்களை யூனிகோடுக்கு மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டரைப் பயன்படுத்தினோம். வாசகம் பெரும்பாலும் சுத்தமாக மாறியது. இடறியது சர்வே எண்ணில். உட்பிரிவைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைத் தட்டச்சர் டைம்ஸ் எழுத்துருவுக்கு மாறி அடித்திருப்பார். ஆனால் எழுத்துரு வேறுபாடு தெரியாமல் வெற்று உரையாக மாற்றும் கருவிக்கு அதுவும் பாமினிதான். பாமினியில் ஏ என்ற ஆங்கிலப் பேரெழுத்து யு. எனவே 123/2ஏ என்ற உட்பிரிவு 123/2யு என்று வந்து நின்றது. இது கண்ணுக்குப் பட்டது. நில அளவுப் பத்தியின் நடுவில் இருந்தால் படாமலும் போகலாம். ஆகவே முறையை மாற்றினோம். தேடல் சாளரத்தில் வாசகத்தைக் கொடுக்காமல் எழுத்துருவை மட்டும் கொடுத்துத் தேடினால், பாமினி அல்லாத துண்டுகள் எல்லாம் ஒரே முறையில் தெரிவாகும். முதலில் அவற்றுக்கு மஞ்சள் பின்னணி பூசி அச்செடுத்துக்கொண்டோம். பிறகு தமிழ் வாசகத்தைப் பத்தி பத்தியாக மாற்றி, மஞ்சள் துண்டுகளைக் கையால் அடித்து, இரண்டு பேர் உரக்கப் படித்து ஒப்பிட்டோம். மெதுவான வழிதான். பத்திர அலுவலகத்தில் வேகமான வழி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு நுணுக்கம் ஸ்ரீ. யூனிகோடில் இதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. வழக்கறிஞரின் கோப்பிலிருந்து ஒட்டிய பெயரும் நம் படிவத்தில் அடித்த பெயரும் வெவ்வேறு வகையாக இருந்தால், தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. பெயர்ப் பட்டியலில் ஒரே வகையைக் கடைப்பிடிக்கும்படி கண்டெடுத்து மாற்றும் ஒரு படியைச் சரிபார்ப்பில் சேர்த்தோம்.

ஏற்கெனவே பதிவாகிவிட்ட பத்திரங்களின் கோப்புகளைத் தொடவில்லை. அவை முடிந்த ஆவணங்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது திருத்துவதற்குச் சமம். பாமினி எழுத்துருவைப் பொதித்த பிடிஎஃபாக அவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து, மூலக் கோப்பையும் உடன் வைத்தோம்.

தட்டச்சர் ஏற்றுக்கொள்வாரா என்பதே உரிமையாளரின் பெரிய கவலையாக இருந்தது. அந்த அம்மையார் பாமினி விசையமைப்பிலேயே பல்லாண்டு தொழில் செய்தவர். தமிழ்99 விசைப்பலகையை 1999-இல் தமிழ்நாடு அரசே ஏற்றது, கற்க எளிது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நாளொன்றுக்கு இத்தனை பத்திரம் என்று வேலை குவியும் இடத்தில் விரல்களின் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமாகாது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்ஹெச்எம் ரைட்டரில் பாமினி விசையமைப்பு இருக்கிறது, எக்ஸ்பியிலும் ஓடுகிறது. விரல் அதே இடத்தில் விழும், கோப்புக்குள் யூனிகோடு போகும். "விரல் மாறாதுன்னா எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் சரி தம்பி" என்றார். அவர் கேட்ட ஒரே மாற்றம் எழுத்தளவைப் பற்றியது. லிப்ரே ஆபீஸில் சிக்கலான எழுத்துமுறைக்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் உண்டு; மொழி அமைப்பில் அதை இயக்கி, படிவத்தின் பாணியிலேயே தமிழுக்கான அளவைப் பொருத்திய பின்னர் அவரும் நிறைவடைந்தார்.

இப்போதைய நிலை

வழக்கறிஞர்களின் டாக்எக்ஸ் கோப்புகள் எக்ஸ்பியிலேயே திறக்கின்றன, மறுதட்டச்சு நின்றுவிட்டது. திருத்தங்களைக் குறித்துக்காட்டும் வசதியும் வேர்டுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் இடையே போய்வருகிறது. அட்டவணைக்குள் அட்டவணை வைத்த சில வங்கிப் படிவங்கள் மட்டும் 5.4-இல் கோணலாகத் திறக்கின்றன. அவற்றை விண்டோஸ் 7 கணினியில், புதிய பதிப்பில் திறக்கும்படி சொல்லியிருக்கிறேன். காலையில் முதல்முறை திறக்கும்போது எக்ஸ்பியில் மென்பொருள் தாமதிக்கிறது. விரைவுத் தொடக்கியை இயக்கிவைத்ததில் ஓரளவு குறைந்தது, முழுதும் தீரவில்லை.

பத்திரப் பேரேடு எக்ஸெல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பாக இருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்குமேல் போக முடியாது. அந்த எல்லை இவர்களுக்குத் தொலைவில் இருந்தாலும், பாமினியில் அடித்த பெயர்கள் அகரவரிசையில் அமையாமல் ஆங்கில விசைகளின் வரிசையில் அமைந்துகொண்டிருந்தன. அதை லிப்ரே ஆபீஸின் விரிதாள் வடிவமான ஓடிஎஸ்ஸுக்கு மாற்றி, பெயர்ப் பத்தியை யூனிகோடாக்கி, மொழியைத் தமிழ் என்று குறித்தபின் வரிசை சரியானது. நடப்பு ஆண்டின் பக்கங்கள் முடிந்துவிட்டன. முந்தைய ஆண்டுகளின் பெயர்களை, வேலை குறைவான நாட்களில் தட்டச்சர் சிறிது சிறிதாக மாற்றிவருகிறார். அந்தப் பேரேடு முடிந்ததும் எக்ஸ்பி கணினிகளில் ஒன்றை விலக்கிவிட உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சுப்பொறி இணைந்திருக்கும் மற்றொன்று, அந்தப் பொறி உழைக்கும் வரை அச்சிடுவதற்கு மட்டும் இருக்கும்.